உள்ளது உள்ளபடி: இராணுவ லொறிகளின் இரண்டாவது வாழ்க்கை

யுத்த வரலாறுகள் தளபதிகளைப் பற்றி விரிவாகப் பேசுகின்றன. பீரங்கிகளையும் விமானங்களையும் பற்றிப் பேசுகின்றன. அப்படைகளுக்கு உணவும் எரிபொருளும் வெடிமருந்தும் சுமந்து சென்ற லொறிகளுக்கு அவ்வரலாறுகளில் ஓரிரு பக்கங்களே கிடைக்கின்றன. யுத்தம் முடிந்த பின்னர் அந்த லொறிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை எழுதியவர்களோ மிகச் சிலர். ஆயினும் கடந்த நூறு ஆண்டுகளில் வீதிப் போக்குவரத்து வளர்ந்த கதையின் முக்கியமான ஓர் அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது.

இராணுவம் கழித்துவிட்ட லொறியொன்றை வாங்க விரும்பும் ஒருவருக்கு அன்றும் இன்றும் இரண்டு வழிகள் உள்ளன. முதலாவது, அத்தகைய வாகனங்களை வாங்கிப் பிரித்துப் பழுதுபார்த்து மறுசீரமைத்து விற்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனமொன்றிடம் கூடிய விலை கொடுத்து வாங்குவது. இரண்டாவது, ஏலத்தில் எடுத்தவரிடமோ சில காலம் வைத்து ஓட்டியவரிடமோ நேரடியாகக் குறைந்த விலைக்கு வாங்குவது. அமெரிக்காவில் இன்று இப்பழைய லொறிகளைத் தேடி வாங்கும் விவசாயிகளும் ஆர்வலர்களும் ஓயாமல் விவாதிக்கும் கேள்வி இது. ஆனால் இக்கேள்வி அவர்களோடு பிறந்ததன்று. முதலாம் உலக மகா யுத்தம் முடிந்த மறு ஆண்டே பிரித்தானியாவில் இது எழுந்துவிட்டது.

பத்திரிகைத் துறையில் நான் கழித்த ஆண்டுகளில் அரசாங்கத் திணைக்களங்களின் ஏல அறிவித்தல்களும் கேள்விப்பத்திர விளம்பரங்களும் எண்ணற்றவை என் மேசையைக் கடந்து சென்றிருக்கின்றன. கழிக்கப்பட்ட வாகனங்கள் விற்பனைக்கு வரும்போதெல்லாம் அவற்றின் அடியில் தவறாது காணப்படும் நிபந்தனையொன்றுண்டு. “உள்ள இடத்தில், உள்ளது உள்ளபடி” என்பதே அது. சட்டத்தின் பார்வையில் அதன் பொருள் மிகத் தெளிவானது. வாகனத்தின் குறைகள் யாவும் அந்தக் கணம் முதல் வாங்குபவரைச் சேர்ந்தவை. அந்த நிபந்தனையின் வரலாற்றையே இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

1919: சந்தைக்கு வந்த லொறிகள்

யுத்தத்துக்கு முன்னர் பிரித்தானிய இராணுவத்திடம் சொந்தமாக இருந்த மோட்டார் லொறிகள் மிகக் குறைவு. தனியார் வர்த்தகர்கள் குறிப்பிட்ட தரத்தில் லொறிகளை வாங்கி வைத்திருந்தால் அவர்களுக்கு மானியம் வழங்குவது, யுத்தம் வந்தால் அவற்றை எடுத்துக்கொள்வது என்ற திட்டத்தையே யுத்த அமைச்சு நம்பியிருந்தது. 1914 ஓகஸ்டில் அவ்வாறே எடுத்துக்கொள்ளப்பட்டன. அதன் பின்னர் நான்கு ஆண்டுகளில் ஏ.ஈ.சி., தோர்னிகுரொவ்ட், அல்பியன், டென்னிஸ், டைம்லர், லேலண்ட் முதலான தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் லொறிகளைச் செய்து தள்ளின. 1918 நவம்பரில் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது இவ்வளவு வாகனங்களையும் என்ன செய்வது என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை.

பிரான்ஸின் சேற்றில் கிடந்தவை, குண்டுச் சிதறல் பட்டவை, உதிரிப்பாகங்களுக்காகப் பாதி கழற்றப்பட்டவை, ஒரு நாளும் ஓடாத புத்தம் புதியவை என எல்லாம் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. மறுபுறத்தில், படையிலிருந்து விடுவிக்கப்பட்ட இளைஞர்கள் சேவைப் பணிக்கொடையுடன் வேலை தேடி நின்றனர். அவர்களுள் பலர் யுத்தத்தில் லொறி ஓட்டவும் திருத்தவும் பழகியவர்கள். தாம் அறிந்த ஒரே தொழிலில் தமக்கிருந்த ஒரே முதலைப் போட்டு ஏலத்தில் ஒரு லொறியை எடுத்து, ஊருக்கு ஊர் சுமை ஏற்றி வாழ்வதென்பது அவர்களுக்கு இயல்பான முடிவாகத் தோன்றியது. 1919 செப்டெம்பர் இறுதியில் ஆரம்பித்து ஒன்பது நாட்கள் நீடித்த புகையிரத வேலைநிறுத்தத்தின்போது நகரங்களுக்கு உணவு கொண்டுவந்ததில் லொறிகளுக்குப் பெரும் பங்கிருந்தது. இரும்புப் பாதை இல்லாமலும் நாடு இயங்கும் என்பதைப் பலரும் அப்போது கண்டுகொண்டனர்.

ஸ்லவ் களஞ்சியம்

லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் என்ற இடத்தில், இராணுவ வாகனங்களைத் திருத்துவதற்கென 600 ஏக்கர் நிலத்தில் அரசாங்கம் 1918 இல் பாரிய களஞ்சியமொன்றை அமைக்கத் தொடங்கியது. அது முடிவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. வீண் செலவு என்று பாராளுமன்றத்தில் கடும் கண்டனம் எழுந்தது. வயல்வெளியில் வரிசை வரிசையாகத் துருப்பிடித்து நின்ற வாகனங்களைக் கண்ட ஊரவர் அவ்விடத்துக்குக் ‘குப்பைமேடு’ என்றே பெயரிட்டனர்.

1920 இல் அரசாங்கம் அதனைக் கைகழுவியது. முன்னர் பிரித்தானியாவில் ஃபோர்ட் நிறுவனத்தின் தலைவராக இருந்த சேர் பேர்சிவல் பெரி, நோயல் மொப்ஸ் ஆகியோர் அடங்கிய குழு, நிலம், கட்டடங்கள், 15,000 க்கும் மேற்பட்ட பழைய வாகனங்கள் ஆகிய அனைத்தையும் 70 இலட்சம் பவுணுக்கு மேல் கொடுத்து வாங்கியது. அங்கேயே பட்டறைகளை இயக்கி, வாகனங்களைத் திருத்தி, வர்ணம் பூசி விற்றது. மறுசீரமைத்த இராணுவ வாகனத்தைப் பெருந்தொகையாக விற்கும் வணிகம் இவ்வாறே ஒரு முழுமையான தொழிலாக உருப்பெற்றது.

இவ்வணிகத்தின் இயல்பை நாம் கவனிக்க வேண்டும். அந்த லொறிகளைச் செய்தவர்கள் ஸ்லவ் கம்பனியினர் அல்லர். அவற்றை ஓட்டப்போகிறவர்களும் அல்லர். வாகனத்தைத் திருத்துவதற்கு ஆகும் செலவுக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான வித்தியாசமே அவர்களது வருமானம். கையிருப்பு முடிந்ததும் அவர்களுக்கும் அந்த லொறிகளுக்கும் இடையிலான உறவும் முடிந்துவிடும். அவ்வாறே நடந்தது. 1925 அளவில் வாகனங்கள் தீர்ந்துபோயின. வெறுமையான பட்டறைகளைத் தொழிற்சாலைகளுக்கு வாடகைக்கு விடுவதே கம்பனியின் புதிய தொழிலாயிற்று. பிரித்தானியாவின் புகழ்பெற்ற தொழிற்பேட்டைகளுள் ஒன்று அவ்வாறே பிறந்தது.

லேலண்ட் எடுத்த முடிவு

லேலண்ட் என்ற பெயர் இலங்கை வாசகர்களுக்குப் புதிதன்று. 1958 ஜனவரி 1 ஆந் திகதி பஸ் சேவைகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான பின்னர், எமது தலைமுறையினரைப் பள்ளிக்கும் தொழிலுக்கும் சுமந்து சென்ற பஸ்களுள் பெரும் பங்கு அந்நிறுவனத்தினுடையது. லண்டனில் ஓடி முடித்த இரட்டைத் தட்டு பஸ்களும் நூற்றுக்கணக்கில் இங்கு கொண்டுவரப்பட்டன. ஆகவே பாவித்த வாகனத்தை வாங்குவதன் நன்மை தீமைகளை நாமும் ஒரு நாடாக அனுபவித்திருக்கிறோம் எனலாம்.

இங்கிலாந்தின் லங்காஷயரிலுள்ள அந்நிறுவனம் முதலாம் யுத்தத்தில் ஏறத்தாழ 6,000 லொறிகளைப் படைகளுக்குச் செய்து கொடுத்தது. அவற்றுட் பெரும்பாலானவை விமானப்படைக்குச் சென்றமையால் ‘ஆர்.ஏ.எவ். ரகம்’ என்றே அழைக்கப்பட்டன. யுத்தம் முடிந்ததும் அந்த லொறிகள் ஏலச் சந்தைக்கு வரத் தொடங்கின. நிறுவனத்தின் தலைவர்கள் அப்போது ஓர் ஆபத்தைக் கண்டனர். தேய்ந்து சிதைந்த லேலண்ட் லொறியொன்றை ஒருவர் ஏலத்தில் எடுத்து, அரைகுறையாகத் திருத்தி, வர்ணம் பூசி இன்னொருவருக்கு விற்பார். அது வீதியில் நின்றுபோகும், அல்லது மலைச்சரிவில் பிரேக் பிடிக்காமல் உருளும். அப்போது மக்கள் இடைத்தரகரின் பெயரைச் சொல்லமாட்டார்கள். லொறியின் முகப்பில் பொறித்த பெயரையே சொல்வார்கள்.

ஆகவே, லேலண்ட் தான் செய்த லொறிகளைத் தானே திரும்ப வாங்கியது. ஏறத்தாழ 3,000 வாகனங்கள்! லண்டனுக்கு அருகே கிங்ஸ்டனில், யுத்தகாலத்தில் சொப்வித் போர்விமானங்கள் செய்யப்பட்ட ஹாம் தொழிற்சாலையை இதற்கென எடுத்து, லொறிகளைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மீண்டும் பொருத்தி, தனது உத்தரவாதத்துடன் விற்றது.

இதற்கு அந்நிறுவனம் கொடுத்த விலை பெரிது. 1920 இன் பிற்பகுதியில் வர்த்தக மந்தம் தொடங்கியது. மலிவான இராணுவ லொறிகள் சந்தையில் நிரம்பியிருந்தமையால் புதிய லொறிகளை வாங்க ஆளில்லை. பழையவற்றைத் திரும்ப வாங்குவதில் முடங்கிய பணத்தின் பாரம் நிறுவனத்தை வங்குரோத்தின் விளிம்புக்கே தள்ளியது. கிங்ஸ்டன் தொழிற்சாலைக்கு வேலை கொடுப்பதற்காக 1922 முதல் ட்ரோஜன் என்ற சிறிய காரை வேறொருவருக்காகச் செய்து கொடுக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. 1920 களின் நடுப்பகுதியில் லயன், 1927 இல் டைட்டன் என்னும் புதிய பஸ்கள் வெற்றிபெற்ற பின்னரே லேலண்ட் தலைநிமிர்ந்தது.

கணக்காளரின் கண்ணுக்கு இது தவறான முதலீடு. ஆனால் லேலண்ட் லொறியை நம்பி வாங்கலாம் என்ற எண்ணம் அந்த மோசமான ஆண்டுகளிலும் குலையவில்லை. ஸ்லவ் கம்பனியும் லேலண்டும் வெளிப்பார்வைக்கு ஒரே வேலையைத்தான் செய்தன. இரண்டும் ‘மறுசீரமைத்தல்’ என்றே அழைக்கப்பட்டன. ஆனால் லொறி பழுதாகினால் யாருக்கு நட்டம் என்ற கேள்விக்கு இரண்டிலும் விடை வேறு. என் கருத்தில் முழு விவகாரத்தின் சாரமும் இதுவே.

தனியாள் விற்பனையின் இரண்டு முகங்கள்

ஏலத்திலும் தனியாட்களிடமும் வாங்கியவர்களின் கதை ஒரே விதமானதன்று. தொழில் தெரிந்த முன்னாள் படைவீரன், தானே ஓட்டிய ரக லொறியைத் தேர்ந்தெடுத்து வாங்கியபோது மலிவு விலை அவனுக்கு வரமாயிற்று. இன்று பிரித்தானியாவில் பேசப்படும் பழைய போக்குவரத்துக் குடும்பங்கள் சிலவற்றின் தொடக்கம் அத்தகைய ஒற்றை லொறியே. தொழில் தெரியாதவன் பணிக்கொடையைப் போட்டு வாங்கியது சில மாதங்களில் பழைய இரும்பாயிற்று. கடன் அடைக்க வேண்டுமென்ற நெருக்கடியில் தேய்ந்த டயருடனும் பிடிக்காத பிரேக்குடனும் இரவுபகலாக ஓட்டியவர்களும் இருந்தனர். 1933 ஆம் ஆண்டின் வீதி மற்றும் புகையிரதப் போக்குவரத்துச் சட்டம் சுமை லொறிகளுக்கு அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கியபோது, வாகனத்தைத் தகுந்த நிலையில் பேணுவதும் சாரதியின் வேலைநேரத்தைப் பதிவு செய்வதும் நிபந்தனைகளாயின. ‘உள்ளது உள்ளபடி’ என்ற வார்த்தையின் விளைவை வாங்குபவர் மாத்திரமன்றி வீதியில் செல்லும் அனைவரும் சுமக்கிறார்கள் என்பதை அரசு ஒப்புக்கொள்ள பதினான்கு ஆண்டுகள் சென்றன.

இரண்டாம் உலக மகா யுத்தத்துக்குப் பின்னர் இதே நாடகம் அமெரிக்க அளவில் அரங்கேறியது. ஜி.எம்.சி. நிறுவனத்தின் இரண்டரைத் தொன் லொறிகள் மட்டும் 560,000 க்கும் மேல் செய்யப்பட்டிருந்தன. 1944 ஒக்டோபரில் நிறைவேற்றப்பட்ட உபரிச் சொத்துச் சட்டம் முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை வழங்கியது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி மரப்பெட்டியில் அடைத்த புதிய ஜீப் 50 டொலருக்குக் கிடைக்கிறது என்ற கதையும் அக்காலத்தில் பரவியது. பல தசாப்தங்களாகச் சஞ்சிகைகளில் அவ்வாறு விளம்பரம் செய்தவர்கள் உண்மையில் விற்றது உபரிப் பொருட்களை எவ்வாறு வாங்குவது என்ற சிறு கைந்நூலையே. மலிவின் மீதுள்ள ஆசை எவ்வளவு காலம் உயிர்வாழும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிலிப்பைன்ஸில் மட்டும் கதை வேறு விதமாகத் திரும்பியது. அமெரிக்கர் விட்டுச்சென்ற ஜீப்புகளை மணிலாவின் சிறு பட்டறைகள் நீட்டி, இருக்கைகள் பொருத்தி, பயணிகள் வண்டியாக்கின. குதிரைவண்டி ஓட்டியவரான லியனார்டோ சராவோ 1953 இல் தொடங்கிய பட்டறை அத்துறையின் மிகப் பெரிய பெயராயிற்று. ஜீப்னி எனப்படும் அவ்வண்டியைச் செய்தவரும் ஓட்டியவரும் ஏறியவரும் பெரும்பாலும் ஒரே ஊரார். உத்தரவாதப் பத்திரம் இல்லாவிட்டாலும், செய்தவனின் பட்டறை வாசலில் மறுநாள் போய் நிற்க முடிந்தது.

தனக்காகத் திருத்திய இராணுவம்

மறுசீரமைப்பில் மற்றொரு வகையும் உண்டு. இராணுவம் விற்பதற்காகவன்றித் தன் சொந்தப் பாவனைக்காகச் செய்துகொள்வது. 1940 களின் பிற்பகுதியில் ‘ரோல்-அப்’ என்ற பெயரில், பசிபிக் தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்த வாகனங்களையும் ஆயுதங்களையும் அமெரிக்க இராணுவம் திரட்டி ஜப்பானுக்குக் கொண்டுசென்றது. ஜப்பானியத் தொழிலாளர்கள் அங்கு அவற்றைத் திருத்தினர். 1950 ஜூனில் கொரிய யுத்தம் வெடித்தபோது, ஜப்பானிலிருந்த அமெரிக்கப் படைப்பிரிவுகளின் மோட்டார் வாகனங்களில் நான்கில் மூன்று பங்கு அவ்வாறு மீட்டெடுக்கப்பட்டவையே. பிரான்ஸும் அமெரிக்க ஜீப்புகளையும் ஜி.எம்.சி. லொறிகளையும் பாரிஸுக்கு அருகேயுள்ள மால்டூர்னே பட்டறையில் ஆண்டாண்டு காலமாகப் புதுப்பித்துப் பாவித்தது.

இத்தகைய இராணுவப் பட்டறைகள் தமது வேலைக்கு அடையாளமாக வாகனத்தில் ஒரு சிறு உலோகத் தகட்டைப் பொருத்துவது வழக்கம். எந்தப் பட்டறையில், எந்த ஆண்டில் மறுசீரமைக்கப்பட்டது என்பது அதில் பொறிக்கப்பட்டிருக்கும். டெக்சாஸின் ரெட் ரிவர், யூட்டாவின் டூயெல் ஆகிய களஞ்சியங்களின் பெயர் தாங்கிய தகடுகளை அமெரிக்க லொறிகளில் இன்றும் காணலாம். அத்தகட்டின் பெறுமதி அதன் உலோகத்தில் இல்லை. யார் செய்தார், எப்போது செய்தார் என்ற இரு கேள்விகளுக்கு அது பகிரங்கமாக விடை சொல்கிறது.

இன்றைய சந்தை

இன்று இராணுவ உபரி லொறி என்றதும் அமெரிக்கர் நினைவுக்கு முதலில் வருவது எம்-35. 1950 இல் ரியோ நிறுவனம் செய்யத் தொடங்கிய இந்த ஆறு சக்கர லொறி, கரடுமுரடான நிலத்தில் இரண்டரைத் தொன் சுமக்கும் என்பதால் ‘டியூஸ் அன்ட் எ ஹாவ்’ எனச் செல்லமாக அழைக்கப்பட்டது. வியட்நாம் முதல் வளைகுடா வரை உழைத்தது. டீசலிலும் வேறு எரிபொருட்களிலும் ஓடக்கூடிய அதன் என்ஜின் புகழ்பெற்றது. ஆனால் பரவலாக விற்பனைக்கு வந்த ஏ-2 ரகத்தில் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றுண்டு. அதன் பிரேக் எண்ணெய் ஒரே சுற்றில் ஓடுகிறது. எங்காவது ஒரு குழாய் வெடித்தால் ஆறு சக்கரங்களிலும் கால் பிரேக் இல்லாமற் போகும். அமெரிக்காவின் சாதாரண கார்களுக்கு இரட்டைச் சுற்று 1968 இலேயே கட்டாயமாகிவிட்டது. வெறுமையாகவே ஆறு தொன் நிறையுள்ள இந்த லொறி அவ்விதிக்கு வெளியே நின்றது.

அதற்குப் பின் வந்த ஐந்து தொன் எம்-939 ரகத்திலும் ஈரமான வீதியில் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு விபத்துகள் நேர்ந்தன. இராணுவமே மணிக்கு 40 மைல் என்று வேகத்தை மட்டுப்படுத்தி, பின்னர் சக்கரம் பூட்டாமல் தடுக்கும் கருவியைப் பொருத்த நேர்ந்தது. ஒரு குறிப்பிட்ட லொறியில் அக்கருவி உண்டா, இல்லையா என்பதைப் புதிய பச்சை வர்ணம் சொல்லாது. அதன் பதிவேடு சொல்லும்.

மறுசீரமைத்து விற்கும் நிறுவனங்களின் நன்மை இங்கேதான் வெளிப்படுகிறது, அவர்கள் நேர்மையானவர்களாயின். நீண்ட காலம் நிறுத்திவைக்கப்பட்ட லொறியில் தூரமானி சொற்ப மைல்களையே காட்டும். ஆனால் இறப்பர் குழாய்களும் அடைப்பு வளையங்களும் ஓடாமலே பழுதாகும். டயர் தேயாமலே வெடிக்கும். இவற்றை மாற்றுவதற்குச் சக்கரங்களைக் கழற்ற வேண்டும். நேரமும் பணமும் செலவாகும். கழற்றியவர் எதை மாற்றினார் என்ற பட்டியலையும், மாற்றிய பாகங்களின் பற்றுச்சீட்டையும், சில மாத உத்தரவாதத்தையும் தருவாராயின் அந்தக் கூடிய விலை நியாயமானது. அரசாங்கம் விற்பனையின்போது வழங்கும் ‘எஸ்.எவ். 97’ என்ற உரிமைச் சான்றிலிருந்து வீதிப் பதிவு வரையிலான ஆவண வேலைகளையும் அவர்கள் முடித்துக் கொடுப்பதுண்டு. வீதியில் ஓட்டத் தகாது என்ற குறிப்புடன் விற்கப்பட்ட வாகனங்களும் உள்ளமையால் இது சிறிய விடயமன்று.

ஆனால் ‘முற்றாக மறுசீரமைக்கப்பட்டது’ என்ற வார்த்தைக்குச் சட்டத்தில் நிலையான வரைவிலக்கணம் எதுவுமில்லை. துருவின் மேல் பூசிய வர்ணமும் அப்பெயரில் விற்கப்படலாம். அவ்வாறான வணிகரைவிட, பத்து ஆண்டுகள் தானே ஓட்டி, ஒவ்வொரு திருத்தத்தையும் கொப்பியில் குறித்து வைத்து, குறைகளைத் தானே சுட்டிக்காட்டும் தனியாள் எவ்வளவோ மேல். அவர் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதே பிரேக்கை மிதித்தவர். கொரியாவுக்குச் செல்லவிருந்த இராணுவம் தனக்காகத் திருத்தியதைப் போன்றது அது. ஏலத்தில் எடுத்து மறு மாதமே கைமாற்றும் தனியாளுக்கோ அந்தத் தகுதி இல்லை.

நிறுவனமா, தனியாளா என்று கேட்பவர்களுக்கு இந்த நூற்றாண்டு வரலாறு தரும் விடையை நான் இவ்வாறு புரிந்துகொள்கிறேன். லொறி நாளை பழுதானால் இன்று விற்பவர் எதை இழப்பார் என்று முதலில் கேட்க வேண்டும். பெயரை இழப்பவராயின் லேலண்டைப் போன்றவர். கேட்ட விலையைக் கொடுக்கலாம். எதையும் இழக்காதவராயின் அவர் பெரிய நிறுவனமானாலும் அயலவரானாலும் விற்பது ‘உள்ளது உள்ளபடி’தான். அதற்குரிய விலையை மட்டும் கொடுத்து, மீதிப் பணத்தைப் பிரேக்குக்கும் டயருக்கும் ஒதுக்கி, நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கச் சொன்ன பின்னரே லொறியை வீதிக்கு எடுக்க வேண்டும்.